ஹெப்பகோடியில் செத்துக் கிடந்த ஸ்கூட்டர்

அத்தியாயம் 5

பெங்களூரு பொம்மனஹள்ளி சிக்னலில் பச்சை விழுந்த அதே நொடியில் பெர்னார்டின் ஸ்கூட்டர் உயிரை விட்டது.

பின்னால் நின்ற எலெக்ட்ரானிக் சிட்டி கம்பெனி வண்டிகள் எல்லாம் ஒரே குரலில் ஹாரன் அடித்தன. ஒரு பக்கம் மேம்பாலத்துக்காகத் தோண்டிப் போட்ட பள்ளம், மறுபக்கம் உரசிக்கொண்டு பஸ். சங்கமித்ரா குதித்து இறங்கினாள். பெர்னார்ட் பதறவே இல்லை. தொப்பையை ஓரம் தள்ளி நிதானமாக இறங்கி, ஹேண்டிலைப் பிடித்து, வண்டியைத் தன் தொடைமேல் சாய்த்தார், காது குத்தப் போகும் குழந்தையை மடியில் கிடத்துவதுபோல. கொஞ்ச நேரம் அப்படியே வைத்திருந்தார். நிமிர்த்தினார். உதைத்தார். வண்டி இருமிக்கொண்டே எழுந்தது.

“இருபத்தாறு வருஷக் கல்யாணம்மா. எங்க தட்டினா எழுந்திருக்கும்னு எனக்குத்தான் தெரியும்.”

“ஆன்ட்டியைச் சொல்றீங்களா, வண்டியைச் சொல்றீங்களா அங்கிள்?”

“ரெண்டும் காலையில கெஞ்சாம கிளம்பாது.”

பெர்னார்ட் முன்பு இன்சூரன்ஸ் கம்பெனிக்காக விபத்து வண்டிகளைப் பார்வையிட்டவர். வி.ஆர்.எஸ். வாங்கிக்கொண்டு வீட்டில் சும்மா இருக்க முடியாமல் சங்கமித்ராவின் துப்பறியும் ஏஜென்சியில் உதவியாளராக ஒட்டிக்கொண்டார். ஆட்கள் முன்னால் ‘மேடம்’ என்பார், மற்ற நேரத்தில் ‘மா’. அவள் எப்போதும் ‘அங்கிள்’தான்.

அவள் மறுபடி பின்னால் ஏறிக்கொண்டாள். எப்போதும் பின்னால்தான். கூலிக்காரர்கள் குடியிருக்கும் மர்ஃபி டவுனில் ஒற்றை அறை வீட்டிலிருந்து அந்தக் குடும்பத்தில் முதல் ஆளாக டிகிரி வாங்கியவள், சொந்தமாக ஏஜென்சி நடத்துகிறவள், இருபத்தெட்டு வயதாகியும் இரண்டு சக்கரத்தை ஓட்டத் தெரியாது. வீட்டுக்கு வந்த ஒரே சைக்கிள் தம்பிக்கு வந்தது. துப்பட்டாவை முகத்தில் சுற்றிக்கொண்டு ஹோசூர் ரோட்டில் விர்ரென்று முந்திப் போகிற ஒவ்வொரு பெண்ணும் சங்கமித்ராவின் வயிற்றில் ஒரு மிளகாயைக் கிள்ளிப் போட்டுவிட்டுத்தான் போவாள்.

* * *

அவர்கள் போய் இறங்கியது, ரங்கநாதன் என்பவர் ஆட்டோ உதிரிபாகம் செய்த ஷெட்டில். போர்டை மாற்றிவிட்டு, மகள் அனுஷா இப்போது அங்கே மின்சார ஸ்கூட்டர் செய்கிறாள். சங்கமித்ராவின் வயதுதான். வெளிநாட்டுப் படிப்பு. ஷெட் அப்பா கொடுத்தது, தைரியமும் அப்பா கொடுத்தது. இரண்டாவது மிளகாய் விழுந்தது.

“சங்கமித்ரா... பெங்காலியா?”

“மர்ஃபி டவுன்.”

“ஓ.”

அந்த ‘ஓ’வின் நீளத்தைச் சங்கமித்ரா பல ஆபீஸ்களில் அளந்து பார்த்திருக்கிறாள். கேட்காமலே நாற்காலியை இழுத்து உட்கார்ந்தாள்.

“ஞாயித்துக்கிழமை ஷெட் மூடியிருந்தது,” என்று அனுஷா ஆரம்பித்தாள். “நேத்து காலையில வந்து பார்த்தா டெஸ்ட் ஸ்கூட்டர் இல்ல. ஹெப்பகோடியில ஒரு டீக்கடை பக்கத்துல செத்துக் கிடந்தது. வண்டியில எழுதியிருந்த நம்பரைப் பார்த்து அந்தக் கடைக்காரம்மா போன் பண்ணாங்க. சார்ஜ் சுத்தமா காலி. யாருக்கோ ஓட்டிக் காட்டியிருக்கா. எங்களுக்குப் போட்டியா இன்னொருத்தர் இதே மாதிரி வண்டி பண்றாங்க. இன்னிக்கு சாயந்திரம் நாலு மணிக்கு எலெக்ட்ரானிக் சிட்டி ஐ.டி. கேம்பஸ்லேருந்து ஆர்டர் கொடுக்க ஆள் வர்றார். அதுக்குள்ள யாருக்குக் காட்டினான்னு அவ வாயால வரணும். இல்லேன்னா கம்ப்ளைன்ட் எழுதி ரெடியா வெச்சிருக்கேன். போலீஸ் பார்த்துக்கும்.”

“‘அவ’ன்னா யாரு?”

அனுஷா சுவரைக் காட்டினாள். பத்திரிகையில் வந்த போட்டோவைப் பெரிதாக்கிச் சட்டம் போட்டு மாட்டியிருந்தார்கள். ஒல்லியாக ஒரு பெண். சின்ன ஸ்கூட்டர். காற்றில் பறக்கிற சடை, முப்பத்திரண்டு பல்லும் தெரிகிற சிரிப்பு. கீழே, ‘ஒரே சார்ஜில் அறுபது கிலோமீட்டர்!’ என்று கொட்டை எழுத்து. படத்தின் ஓரத்தில் யாருடைய முழங்கையோ பாதியில் வெட்டுப்பட்டு நின்றது.

“வனஜா. எங்க டெஸ்ட் ரைடர். கார்மென்ட்ஸ்ல தையல் மெஷின் ஓட்டிட்டிருந்தவ. நான்தான் கூட்டிட்டு வந்தேன். பத்து வருஷத்துல இந்த ஹோசூர் ரோடே இந்த மாதிரி வண்டிதான் ஓடும். புகை இருக்காது, சத்தம் இருக்காது. அதுல முதல் முகம் இவதான்னு பெருமையா சொல்லிட்டிருந்தேன். அவ என்ன பண்ணிட்டா பாருங்க.”

“சத்தம் இருக்காதா?” என்றார் பெர்னார்ட். “அப்ப ஆட்டோக்காரன் திட்றது சுத்தமா கேக்குமே மேடம்.”

உள்ளே வந்தவர் சிரிக்கவில்லை. ஐம்பது தாண்டியவர், கனத்த உடம்பு, மடிப்புக் கலையாத சட்டை. தலைமை இன்ஜினீயர் சீனிவாசராகவன் என்று அனுஷா அறிமுகம் செய்தாள். “வண்டியோட டிசைன் முழுக்க சார்தான்.”

“இதுல பெட்ரோல் எங்க சார் ஊத்தறது?” என்று பெர்னார்ட் வேண்டுமென்றே கேட்டார்.

அவருக்கு ஏறிவிட்டது. “இதே கேள்வியைத்தான் எல்லாரும் கேக்கறா. இதுல கார்புரேட்டர் கிடையாது சார். கிக்கர் கிடையாது. கியர் கிடையாது. ஜனங்களுக்கு முதல்ல பழைய வண்டி மண்டையைவிட்டு இறங்கணும். அது இறங்கற வரைக்கும் நான் என்ன டிசைன் பண்ணியும் பிரயோஜனமில்லை.”

அவர் செல்போன் அலறியது. “சொல்லு உஷா... மறுபடியும் அதேவா? பாண்ட்டுல ஓட்டை விழுந்தா இஸ்திரிக்காரனைத்தான் கேக்கணும், என்னைக் கேட்டா? பெட்டியில நெருப்பு தெறிக்கும்னு பார்த்துப் போடமாட்டானோ? இரு, சாயந்திரம் நான் வந்து அவனை ஒரு வழி பண்றேன்.” மனைவியின் போனை வைத்துவிட்டு இவர்கள் பக்கம் திரும்பினார். “எவனுக்குமே பொறுப்பு கிடையாது. இந்தப் பொண்ணையே பாருங்கோ. பேட்டரிக்குத் தண்ணிகூட ஊத்தலை. ஒரு பக்கம் காஞ்சு கிடக்கு. நல்லவேளை, புது வண்டிக்கு மூடின பேட்டரி வந்தாச்சு.”

“சாவி எத்தனை?” என்றாள் சங்கமித்ரா.

“மூணு செட்டு,” என்றாள் அனுஷா. “ஷெட்டு, வண்டி ரெண்டும் ஒரே வளையம். என்கிட்ட ஒண்ணு, சார்கிட்ட ஒண்ணு, வனஜாகிட்ட ஒண்ணு. அவளோட சாவி எங்கேன்னு கேட்டா வாயே திறக்கலை. இதுக்கு மேல என்ன வேணும்?”

மூன்று சாவி. அதில் ஒன்றை மட்டும்தான் இவர்கள் கேட்டிருக்கிறார்கள். சங்கமித்ரா எழுந்தாள்.

* * *

வனஜா ஷெட்டுக்குப் பின்னால் காலி பேட்டரிப் பெட்டிமேல் உட்கார்ந்திருந்தாள். படத்தில் இருந்த சிரிப்பைக் கழற்றி வைத்துவிட்ட முகம். சாப்பாட்டு நேரம். மற்ற பெண்கள் வட்டமாக உட்கார்ந்து சாப்பிட்டார்கள். ஒருத்திகூட இவள் பக்கம் திரும்பவில்லை.

“சாவி எங்கம்மா?”

“தொலைஞ்சு போச்சு மேடம்.”

“எங்க?”

“தொலைஞ்சுபோனது எங்கன்னு தெரிஞ்சா அது எப்படி மேடம் தொலைஞ்சதாவும்?”

பெர்னார்ட் சந்தோஷமாகத் தலையாட்டினார். “மேடம், இவங்களை நம்ம ஏஜென்சியில எடுத்துக்கலாம்.” பிறகு அவள் சுடிதாரைக் காட்டினார். முட்டிக்குக் கீழே பொட்டுப் பொட்டாக ஓட்டைகள். “என்னம்மா, பூச்சி அரிச்சுதா?”

“பேட்டரித் தண்ணி சார். தண்ணின்னுதான் சொல்றது, உள்ள இருக்கிறது ஆசிட்டு. ஒரு சொட்டு தெறிச்சாலும் போச்சு. அப்ப ஒண்ணும் தெரியாது. துவைச்சதும் ஓட்டை ஓட்டையா நிக்கும்.”

“நீ தண்ணியே ஊத்தலைன்னு சார் சொல்றாரே?”

வனஜாவின் முகத்தில் முதல் தடவையாகச் சூடு ஏறியது. “சனிக்கிழமை சாயந்திரம் நான் ஊத்தினேன். அவரு வந்து பாக்கட்டும். ஒரு பக்கத்து அறைங்கதான் காஞ்சிருக்கு, மறுபக்கம் ரொம்பிக் கிடக்கு. ஊத்தாத பேட்டரி ரெண்டு பக்கமும்தானே காயும்?”

“வண்டி கீழ விழுந்திருக்கும்.”

“விழுந்தா கண்ணாடி ஒடையும், கைப்பிடி தேயும். ஒரு கீறல் இல்ல மேடம்.”

“அப்ப இதை ஏன் அவங்ககிட்டச் சொல்லலை?”

அவள் தலை மறுபடி குனிந்தது. “என் பேரே போகட்டும் மேடம். விட்டுடுங்க.”

சங்கமித்ராவுக்குக் கோபம் வந்தது. பொய் சொல்கிறவர்கள் தப்பித்துக்கொள்ளப் பார்ப்பார்கள். இவள் மாட்டிக்கொள்ளப் பார்க்கிறாள். ஒரு பெண் யாருக்காகத் தன் பேரைப் போகட்டும் என்பாள்?

“உன் வீட்டுக்காரர் என்ன வேலை?”

வனஜா கேட் பக்கம் பார்த்தாள். பெர்னார்ட் அந்தப் பக்கம் கையைக் காட்டினார். வெளியே ஒரு ஆட்டோ நின்றிருந்தது. ஓட்டுநர் சீட்டில் காக்கிச் சட்டை போட்ட ஆள், இந்தப் பக்கமே பார்த்தபடி.

* * *

“ஹெப்பகோடி போகணும்,” என்று ஏறி உட்கார்ந்த பிறகுதான் சங்கமித்ரா சொன்னாள்.

வனஜாவின் புருஷன் உத்தமன் கண்ணாடியில் அவளை முறைத்தான். பிறகு குனிந்து, தரையோரம் இருந்த ஸ்டார்ட் லீவரை வெடுக்கென்று இழுத்தான். ஆட்டோ அதிர்ந்தது.

“போலீஸா?”

“இல்ல. சாவி எங்க?”

அவன் ஒரு குலுக்குக் குலுங்கினான். ஆட்டோவும்தான்.

“எந்த சாவி?”

“சரியான ஆளுய்யா நீ,” என்றார் பெர்னார்ட். “பொண்டாட்டி ‘தொலைஞ்சுபோச்சு’ங்கறா, நீ ‘எந்த சாவி’ங்கற. ரெண்டு பேரும் பேசி வெச்சுக்கவே இல்லையா?”

சில்க் போர்டு பக்கமிருந்து வந்த நெரிசலில் ஆட்டோ ஊர்ந்தது. உத்தமன் கொஞ்ச நேரம் ஹாரனோடு பேசினான். பிறகு சீட்டுக்கு அடியில் கையை விட்டு, சாவி வளையத்தை எடுத்துப் பின்னால் நீட்டினான்.

“சனிக்கிழமை சண்டை. நான்தான் பிடுங்கி வெச்சுக்கிட்டேன். ஆனா வண்டியைத் தொடலை மேடம். சத்தியமா.”

“எதுக்குப் பிடுங்கின?”

“எதுக்கா?” அவன் குரல் எஞ்சின் சத்தத்தை மீறிக் கிளம்பியது. “நான் பேட்ஜு வாங்கணும், லைசென்ஸ் வாங்கணும், காக்கி போடணும், கார்னருக்குக் கார்னர் போலீஸ்காரன்கிட்ட ‘சார் சார்’னு பல்லைக் காட்டணும். அவளுக்கு எதுவும் வேணாமாம். மெதுவாப் போற கரென்ட்டு வண்டிக்கு லைசென்ஸே தேவையில்லையாம். ரோட்டுல ராணி மாதிரி போறா. பேப்பர்ல போட்டோ வருது. ஸ்டாண்டுல எல்லாரும் அதைக் காட்டிக் காட்டி என்னை ‘வனஜா வீட்டுக்காரர்’ங்கறான்.”

“அவ்வளவுதானா?”

“இன்னும் இருக்கு மேடம். அந்த வண்டிக்கு சத்தமே இல்ல. என் ஆட்டோ தெருமுனைக்கு வந்தா வீட்டுல உலை வைப்பாங்க. இவ எப்ப வர்றா, எப்ப போறா, எவன் கூட நின்னு பேசிட்டு வர்றான்னு ஒண்ணும் தெரியலை. திடீர்னு வாசல்ல நிக்கறா. எப்படிங்க மனுஷன் நம்புறது?”

சங்கமித்ராவுக்கு அவனை அறையத் தோன்றியது. பொண்டாட்டியின் சக்கரத்துக்குச் சத்தம் வேண்டுமாம், கழுத்தில் மணி கட்டின மாதிரி. ஆனால் அறைவதற்கு முன்னால் ஒரு கேள்வி பாக்கியிருந்தது.

“அப்ப நீயே ஓட்டிப் பார்க்க வேண்டியதுதானே?”

உத்தமன் முன்கண்ணாடியைத் துணியால் துடைத்தான்.

“எனக்கு ரெண்டு சக்கரம் வராது மேடம்,” என்றான் கடைசியில். “லாரியில கிளீனரா இருந்து நேரா ஆட்டோவுக்கு வந்தேன். பேலன்ஸ் நிக்காது. அவளுக்குத் தெரியும். யார்கிட்டயும் சொல்லிடாதீங்க.”

சங்கமித்ரா ஜன்னல் இல்லாத ஆட்டோவில் வெளியே பார்த்தாள். ஒரு பெண் ஸ்கூட்டரில் முந்திப் போனாள். சங்கமித்ராவும் உத்தமனும் ஒரே நேரத்தில் அந்தப் பெண்ணைப் பார்த்தார்கள், ஒரே மாதிரி. அறைகிற எண்ணம் போய்விட்டது.

* * *

ஹெப்பகோடி டீக்கடைக்குப் பக்கத்தில் ஷட்டர் சாத்திய பட்டறை ஒன்று. அதன் வாசல் சிமென்ட்டில்தான் ஸ்கூட்டர் கிடந்ததாம். “கிடந்ததுன்னா படுத்தா, நின்னா?” என்று சங்கமித்ரா கேட்டாள்.

“ஸ்டாண்டு போட்டு, ஓரமா, அழகா நிறுத்தியிருந்ததும்மா,” என்றாள் கடைக்காரம்மா. “ஞாயித்துக்கிழமை நம்ம கடை ரஜா, திறக்கலை. யார் விட்டாங்களோ தெரியலை.”

சிமென்ட்டில் கையகலத்துக்கு வெளுத்த திட்டு. அரித்துப் பொரிந்து, ஓரத்துப் புல்லையும் கருக்கியிருந்தது. பெர்னார்ட் குந்தி உட்கார்ந்து பார்த்தார்.

“ஆசிட்டு இங்கதான் கொட்டியிருக்கு மேடம். வண்டி விழலை, கீறல் இல்ல, ஸ்டாண்டு வேற போட்டிருக்கு. அப்புறம் எப்படிக் கொட்டிச்சு? தாகமா இருக்குன்னு யாராவது சாய்ச்சுக் குடிச்சானா?”

“மூணு டீ சொல்லுங்க அங்கிள்.”

டீ வரவில்லை. அடுப்பு சீறி, நீலம் சிவந்து, அணையப் பார்த்தது. “சனியன், கேஸ் தீர்ந்துபோச்சு,” என்று முனகிய கடைக்காரம்மா, கண்ணிமைக்கும் நேரத்தில் சிலிண்டரின் கழுத்தைப் பிடித்துத் தன் முழங்கால்மேல் சாய்த்தாள். ஒரு உலுக்கு. நெருப்பு மறுபடி நீலமாக எழுந்தது. “மூணு டீக்குத் தாங்கும்,” என்றாள்.

சங்கமித்ரா அந்த முழங்காலைப் பார்த்தாள். பிறகு பெர்னார்டின் தொடையைப் பார்த்தாள். சாம்பல் நிற பாண்ட்டில், பொம்மனஹள்ளி சிக்னலில் பட்ட கிரீஸ் கறை, நீளவாக்கில்.

“அங்கிள், வண்டி நின்னுபோனா ஏன் சாய்க்கறீங்க?”

“ஏன்னா? அடியில இருக்கிற கொஞ்சம் பெட்ரோல் கார்புரேட்டருக்கு ஓடும். பழைய ஸ்கூட்டர் வெச்சிருக்கிற எல்லாரும் பண்றதுதானே.”

“யோசிச்சா பண்றீங்க?”

“எதுக்கு யோசிக்கணும்? நின்னா கை தானா...” பெர்னார்ட் வாயைத் திறந்தபடியே நிறுத்தினார். வெளுத்த திட்டைப் பார்த்தார். உத்தமனைப் பார்த்தார். தலையைக் குறுக்கே ஆட்டினார். “இவன் இல்ல மேடம். இவன் கை லீவருக்குத்தான் போகும்.”

“அனுஷாவுக்கு என் வயசு, பழைய ஸ்கூட்டரைச் சாய்க்கற கை இல்ல அது,” என்றாள் சங்கமித்ரா. “டீயைச் சீக்கிரம் குடிங்க. நாலு மணிக்குள்ள போகணும்.”

உத்தமனுக்கு ஒன்றும் புரியவில்லை. ஆனால் அவன் பெயர் அடிபடவில்லை என்று மட்டும் புரிந்தது. திரும்பும்போது லீவரை இதமாக இழுத்தான்.

* * *

கேம்பஸிலிருந்து வந்தவர் பெயர் ராகேஷ். கழுத்தில் அடையாள அட்டை, காதில் போன். ஷெட் வாசலில் புது ஸ்கூட்டரைப் பூப்போட்டு நிறுத்தியிருந்தார்கள். தொழிலாளர்கள் சுற்றி நின்றார்கள். எல்லோருக்கும் பின்னால், கேட்டை ஒட்டி, வனஜா.

சங்கமித்ரா அவளிடம் போய்ச் சாவியைக் காட்டினாள். “உன் புருஷன் எடுக்கலை.”

வனஜாவின் கண் ஒரு விநாடி ஆட்டோவுக்குப் போய்த் திரும்பியது. அடைத்து வைத்திருந்த மூச்சு வெளியே வந்தது.

“இப்ப எனக்கு ஒரு உதவி செய்யணும். அந்தப் புது வண்டி இப்போதைக்கு ஸ்டார்ட் ஆகக் கூடாது. சாய்ச்சா கொட்டுமா?”

“மூடின பேட்டரி மேடம், கொட்டாது,” என்றாள் வனஜா. ‘ஏன்’ என்று கேட்கவில்லை. துடைப்பதுபோலத் துணியோடு போய் சீட்டைத் தூக்கினாள். மூடினாள். திரும்பி வந்தபோது கைக்குள் எதையோ பொத்தியிருந்தாள்.

அனுஷா கணீரென்று பேசினாள். எதிர்காலம், புகையில்லாத நகரம், கேம்பஸ் கேட்டிலிருந்து வேலை செய்யும் கட்டடம் வரைக்கும் சத்தமில்லாத பயணம். பேசி முடித்து ஏறி உட்கார்ந்து சாவியைத் திருப்பினாள். ஒன்றும் நடக்கவில்லை. மறுபடி திருப்பினாள். சிரிப்பு மட்டும் முகத்தில் அப்படியே நின்றது.

“சார்!”

சீனிவாசராகவன் விறுவிறுவென்று வந்தார். ஏறினார். சாவியைத் திருப்பினார். முறுக்கினார். ஒரு விளக்கு எரியவில்லை. ராகேஷ் போனைக் காதிலிருந்து எடுத்துவிட்டுக் கடிகாரத்தைப் பார்த்தார். தொழிலாளர் கூட்டத்தில் யாரோ, “சார் ஏறினாலே அது மூர்ச்சை ஆயிடும்ப்பா,” என்றார்கள். அடக்கிய சிரிப்பு ஒன்று பரவியது.

அவர் கழுத்து சிவந்தது. மளமளவென்று இறங்கினார். இரண்டு கையாலும் ஹேண்டிலைப் பற்றினார். பெட்ரோலே இல்லாத அந்த வண்டியை, பூமாலையோடு, தன் தொடைமேல் சாய்த்தார்.

சிரித்தவர்கள் பாதியில் நிறுத்தினார்கள்.

“சார்,” என்றாள் சங்கமித்ரா. “அதுல கார்புரேட்டர் கிடையாது.”

அவர் குனிந்து தன் கையைப் பார்த்தார். அது யாருடைய கையோ என்பதுபோல.

“அட, நம்ம செட்டு!” என்றார் பெர்னார்ட் மெதுவாக. “எத்தனை வருஷம் ஓட்டினீங்க சார், பழைய ஸ்கூட்டர்?”

“இருபத்திரண்டு...” என்று அவர் வாய் தானாகச் சொன்னது.

“ஞாயித்துக்கிழமையும் இப்படித்தான் சாய்ச்சீங்க,” என்றாள் சங்கமித்ரா. “ஹெப்பகோடியில சார்ஜ் தீர்ந்து நின்னப்ப. அன்னிக்கு இருந்தது தண்ணி பேட்டரி. ஒரு பக்கம் காலியாகி உங்க பாண்ட்டுல கொட்டிச்சு. அப்ப தெரிஞ்சிருக்காது. உங்க வீட்டுல துவைச்சு இஸ்திரிக்குப் போட்டதும் ஓட்டை ஓட்டையா நின்னுது. பழி இஸ்திரிக்காரர் மேல. அவரை விட்டுடுங்க சார். ரெண்டு நாள்ல ரெண்டு பேரைத் திருடங்க மாதிரி நிக்க வெச்சுட்டீங்க.”

அனுஷா முன்னால் வந்தாள். “சார்? இது உண்மையா? எதுக்கு?”

சீனிவாசராகவன் வண்டியை நிமிர்த்தி, ஒழுங்காக ஸ்டாண்டு போட்டார். பிறகு உள்ளே சுவரில் மாட்டியிருந்த படத்தின் பக்கம் பார்த்தார்.

“அந்தப் போட்டோவுல என் முழங்கை இருக்கு,” என்றார்.

ஒன்றிரண்டு தலைகள் படத்தின் பக்கம் திரும்பின.

“முப்பது வருஷமா கியர்பாக்ஸ் போட்டேன். ஒருத்தன் என் பேரைக் கேட்டதில்லை. இந்த வண்டியோட ஒவ்வொரு போல்ட்டும் நான் போட்டது. பேப்பர்காரன் வந்தான், ‘கொஞ்சம் தள்ளி நில்லுங்க சார்’னான். தள்ளி நின்னேன். அவ ஓட்டினா அறுபது. நான் ஓட்டினா நாப்பதுகூட வரமாட்டேங்கறது. இவா எல்லாம் சிரிக்கறா. யாரும் பார்க்காதப்ப ஒரே ஒரு தடவை நானும் அறுபது ஓட்டிடணும்னு...” அவர் தன் வயிற்றைத் தொட்டுக் காட்டினார். “அவ பாதி எடை. கணக்கு எனக்குத் தெரியாதா? தெரியும். இருந்தும் போனேன். வண்டி நின்னதும் பஸ்ஸுல வந்துட்டேன், காலையில டெம்போ வெச்சு எடுத்துக்கலாம்னு. அதுக்குள்ள நீங்க எல்லாரும் திருட்டுன்னு சொல்லிட்டேள். அவ பேரையும் சொல்லிட்டேள். என் பேரை யாரும் கேக்கலை.”

“கேட்டிருந்தா?” என்றாள் சங்கமித்ரா.

அவர் வண்டியின் பூமாலையைச் சரிசெய்யக் குனிந்தார்.

அனுஷா ராகேஷை ஓரக்கண்ணால் பார்த்துவிட்டுக் குரலைத் தழைத்தாள். “ஓகே. இது... உள்விவகாரம். சார் பெரியவர். ஏதோ ஆர்வத்துல. வனஜா, கம்ப்ளைன்டைக் கிழிச்சுடறேன், நீ வழக்கம்போல வேலையைப் பாரு. சரியா?”

சங்கமித்ராவுக்குள் இன்று காலையிலிருந்து அல்ல, இருபத்தெட்டு வருஷமாக எரிந்தது மேலே வந்தது. “அவ எடுத்திருந்தா திருட்டு, போலீஸு. அவர் எடுத்தா ஆர்வமா? அவளை எத்தனை பேர் முன்னால திருடின்னு சொன்னீங்களோ அத்தனை பேர் முன்னால—”

“இருங்க மேடம்,” என்று வனஜா கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தாள். “என் சண்டையை நானே போட்டுக்கறேன்.”

அவள் அனுஷாவிடம் போகவில்லை. சீனிவாசராகவன் முன்னால் போய் நின்றாள். பொத்தியிருந்த கையை விரித்தாள். உள்ளங்கையில் சின்னதாக ஒரு ஃபியூஸ்.

“ரெண்டு நாளா என்கூட உக்காந்து யாரும் சோறு துன்னலை சார். பேட்டரிக்குத் தண்ணி ஊத்தலைன்னு நீங்க சொன்னதுதான் எனக்கு அதைவிட வலி. வண்டியை நீங்கதான் கத்துக்குடுத்தீங்க. ஊத்தினேனா இல்லையா, இவங்க எல்லாருக்கும் சொல்லுங்க.”

அவர் தொண்டையைக் கனைத்தார். கூட்டத்தைப் பார்த்து, கடைசி வரிசைக்கும் கேட்கிற மாதிரி சொன்னார்: “ஊத்தினா. வண்டியை எடுத்தது நான். கொட்டினது நான்.”

“அனுஷா மேடம் இன்னும் ஒண்ணும் சொல்லலை,” என்றார் பெர்னார்ட், யாரிடமோ சொல்வதுபோல.

அனுஷா உதட்டைக் கடித்தாள். “ஸாரி வனஜா,” என்றாள். கூட்டத்தில் ஒருத்தி, “கேக்கலை மேடம்,” என்றாள். அனுஷா மறுபடி, சத்தமாகச் சொன்னாள்.

வனஜா சீட்டைத் தூக்கி ஃபியூஸை மாட்டினாள். விளக்கு எரிந்தது. ராகேஷைப் பார்த்து, “பின்னால ஏறுங்க சார். உங்க கேம்பஸ் வரைக்கும் போய் வரலாம். ரெண்டு பேர் போனா அறுபது வராது, முன்னாடியே சொல்லிடறேன்,” என்றாள். அந்த மனிதர் முதல் தடவையாகச் சிரித்தார்.

கேட்டில் உத்தமன் வழிமறித்து நின்றான். “நான் எடுத்தேன்னு நெனச்சுத்தான் வாயைத் திறக்கலையா நீ?”

“ஆமா.”

“என்னைப் போய் சந்தேகப்பட்டியா?”

“ஏன், நீ மட்டும்தான் படணுமா?” அவள் கைப்பிடியை முறுக்கினாள். “வழியை விடு. தெருமுனைக்கு வந்ததும் ஹாரன் அடிக்கறேன், உலை வை.”

ஸ்கூட்டர் சத்தமே இல்லாமல் ஹோசூர் ரோட்டில் கலந்தது. உத்தமன் அது போன திசையில் காதை வைத்துக்கொண்டு நின்றான். தூரத்தில் ஒரு ஹாரன், நீளமாக, வேண்டுமென்றே. அவன் முகம் கோணியது. அது சிரிப்பா என்று சங்கமித்ராவால் சொல்ல முடியவில்லை.

பெர்னார்ட் தன் வண்டியை உதைத்தார். அது எழவில்லை. ஹேண்டிலைப் பிடித்து, வழக்கம்போலத் தொடைமேல் சாய்த்தார்.

“ஏறும்மா, கிளம்பிடும்.”

சங்கமித்ரா ஏறவில்லை. ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒருத்தியின் பேரை மீட்டுக் கொடுத்தாயிற்று. குற்றவாளியைப் பிடித்தாயிற்று. வயிறு மட்டும் குளிரவில்லை. அந்தச் சடை காற்றில் பறந்த விதம் இன்னும் கண்ணிலேயே நின்றது.

“அங்கிள், வனஜா திரும்பி வந்ததும் அந்த வண்டியை ஒரு சுத்து கேட்டா தருவாளா?”

பெர்னார்ட் சாய்த்த வண்டியை நிமிர்த்தாமலே அவளைப் பார்த்தார். “விழுவ.”

“விழறேன்,” என்றாள் சங்கமித்ரா. “லைசென்ஸ்தான் வேண்டாமே.”

காலி பேட்டரிப் பெட்டி ஒன்றை வாசலுக்கு இழுத்துப் போட்டு, காத்திருக்க உட்கார்ந்தாள்.